ஒரு நல்ல ஆள் போதும்

“அரை மணி நேரம் அசையாம உக்காரும்மா. செவுத்துல சாஞ்சிராதே, கறை போகாது” என்று சொல்லிவிட்டு, டை ஒட்டிய கையுறைகளை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டபடி மௌனிகா வீட்டுக்குள் போனாள். தவமணி வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், வாஷிங் மெஷினுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, பழைய நைட்டியும் தோளில் நைந்த துண்டுமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை சில்லென்று கனத்தது. மகள் நெற்றியோரம் தடவிவிட்டிருந்த வாஸ்லினில் ஒரு கொசு வந்து உட்கார்ந்து, ஒட்டிக்கொள்வோமோ என்று பயந்ததுபோல உடனே பறந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் தறி ஓடவில்லை. அந்த அமைதியில் மகள் சொன்னது மட்டும் தனியாக நின்றது. இத்தனைக்கும் பேச்சை எடுத்தது தவமணிதான். பொங்கல் கழிந்ததும் உள்ளாட்சித் தேர்தல் வரும் என்கிறார்கள், நம்ம வார்டு இந்தத் தடவையும் பொம்பளைகளுக்குத்தானாம் என்று, எவரோ சொன்ன சேதியைச் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தாள். மறுபடி நிற்கப்போவதாக அவள் சொல்லவில்லை. நிற்பதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியாது. சொன்னால் பெண் என்ன சொல்கிறாள், பார்க்கலாம் என்றுதான். வகிடு வகிடாக முடியைப் பிரித்துப் பூசிக்கொண்டிருந்த மௌனிகாவின் பிரஷ் நிற்கவேயில்லை. “எதுக்கும்மா எலெக்ஷனே? உன்ற பதவி முடிஞ்சு வருசத்துக்கு மேலாச்சு. தனி அலுவலர்னு ஒருத்தர்தான் பேரூராட்சியப் பாக்கறாரு. ரோடு போட்டாச்சு, குப்பை வண்டி தெனமும் வருது. கவுன்சிலர் இல்லையேன்னு யாராச்சும் அழுதாங்களா?” என்றாள். அதோடு விடவில்லை. ஊருக்கு மட்டுமில்லையாம், நாட்டுக்கே அப்படித்தானாம். “ஒரு நல்ல ஆள் போதும்மா. படிச்சவரா, திருடாதவரா ஒருத்தர். இருவது வருசம் அவரு கையில குடுத்துட்டு நாம நம்ம வேலையப் பாக்கலாம்.” காலேஜில் ஒரு நாள் இதைப் பற்றிப் பேச வைத்தார்களாம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இதையேதான் சொன்னார்களாம். ஓட்டு வேண்டும் என்று பேசிய ஒரு பையனை அன்றிலிருந்து எல்லாரும் எம்.எல்.ஏ. என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கோபமாகச் சொல்லியிருந்தால் தவமணிக்குப் பதில் இருந்திருக்கும். குழம்புக்கு இன்னும் கொஞ்சம் உப்புப் போடலாம் என்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரல்தான் இப்போது காதுக்குள் கிடந்து உறுத்தியது.

வலிக்கிறதா என்று ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிப் பார்ப்பதுபோல அந்த வாக்கியத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வலித்தது என்று சொல்ல முடியவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐந்து வருஷம் கவுன்சிலராக இருந்தவளைப் பார்த்து, நீ இல்லாததற்கு யார் அழுதார்கள் என்று சொந்த மகள் கேட்கிறாள். சுருக்கென்று இருக்க வேண்டாமா? அதற்குப் பதிலாக, இது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, இந்தத் தலைக்குள் எத்தனை நாளாகக் குடியிருக்கிறது என்று ஒரு குறுகுறுப்புத்தான் இருந்தது. செல்போனிலிருந்து வந்திருக்கும் என்று அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி சொல்வார். அவருக்கு எல்லாமே செல்போனிலிருந்துதான் வருகிறது, மகளின் ஒற்றைத் தலைவலி உட்பட. தவமணிக்கு அப்படித் தோன்றவில்லை. இவள் இந்த வீட்டில்தானே வளர்ந்தாள்? தேர்தல் என்கிற ஒன்றை இவள் டிவியிலா பார்த்தாள்? தேர்தல் இவள் வீட்டு வாசல்படி ஏறி வந்து, ஹாலில் செருப்போடு உட்கார்ந்து, இவள் படிக்கிற மேஜை மேல் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போனதல்லவா? அன்று மௌனிகாவுக்குப் பதிமூன்று வயது. சட்டைக் காலரை நீக்கி விசிறிக்கொண்டே உள்ளே வந்த ஈஸ்வரமூர்த்தி, “நம்ம வார்டு லேடீஸுக்குப் போயிருச்சு. நீதான் நிக்கறே” என்றார். தவமணி தோசைக் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சரிங்க என்றாள். வேறென்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை, கல் காய்ந்துவிட்டது. மறுவாரம் மூலைக்கு மூலை ஃப்ளெக்ஸ். அவள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த முகம் ஒரு ஓரத்தில், கும்பிட்டபடி ஈஸ்வரமூர்த்தி நடுவில் பெரிதாக. ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கிய மௌனிகா அதையே அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, “எலெக்ஷன்ல யாரும்மா நிக்கறது, நீயா அப்பாவா?” என்று கேட்டாள். பிள்ளை விளையாட்டாகக் கேட்கிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டு கேட்ட மாதிரியே தெரியவில்லை.

காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு டை இறங்கியது. துண்டு நுனியால் ஒற்றி எடுத்தாள். கறுப்பு. என்ன வயதாகிறது, நாற்பத்தாறில் இப்படி முன்பக்கம் மொத்தமும் வெளுக்குமா என்று நாத்தனார் கேட்டதிலிருந்து மாதம் ஒரு முறை இந்தக் காரியம். இன்றைக்குக் காங்கயத்தில் ஈஸ்வரமூர்த்தியின் பெரியப்பா பேத்திக்கு நிச்சயம் என்பதால் காலையிலேயே. அங்கே மத்தியானம் இன்னொரு காரியமும் இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் தவமணி அதைப் பக்கத்து அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவதுபோலச் சாத்திவிட்டு, பழையபடி மகள் கேட்டதற்கே போனாள். யாராச்சும் அழுதாங்களா? அழவில்லை. பதவி முடிந்த மறுநாள் காலையில் வாசலில் ஒருத்தரும் இல்லாததைப் பார்த்து அவளே அப்பாடா என்றுதான் உட்கார்ந்தாள். அந்த ஐந்து வருஷமும் விடிந்தால் வாசலில் ஆள். தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது, நாய் கடித்துவிட்டது, வயதானோர் பென்ஷன் நின்றுவிட்டது. பல் விளக்கிய நுரையோடு போய் நின்றிருக்கிறாள். திட்டுவார்கள். எடுத்த எடுப்பில் திட்டுவார்கள், பிறகுதான் விஷயம். மௌனிகாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் மேற்கு வீதி ராமாத்தாள் வந்து நின்று, ஓட்டு வாங்க மட்டும் வீடு வீடாக வரத் தெரிந்ததே, இப்போது கால் வலிக்கிறதா என்று ஆரம்பித்து விடாமல் பேசினாள். அறைக்குள் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள். அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். கொண்டி விழுந்த சத்தம் தவமணிக்கு மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு நாள் ஸ்கூல் பஸ்ஸில் எந்தப் பெண்ணோ, உங்க அம்மா ரோட்டுக் கான்ட்ராக்டரிடம் கமிஷன் வாங்கினார்களாமே என்று கேட்டுவிட்டாள். மௌனிகா வீட்டுக்கு வந்து அப்படி எதையும் சொல்லவில்லை. சாப்பிடும்போது, கமிஷன் என்றால் என்ன என்று மட்டும் கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா? தவமணி ஏதோ சொல்லி மழுப்பினாள். கமிஷன் அவள் வாங்கியதில்லை. ஈஸ்வரமூர்த்தி வாங்கினாரா என்று அவள் கேட்டதுமில்லை. ஆக, இந்தப் பெண் பார்த்ததெல்லாம் இவ்வளவுதான். வாசலில் வசவு, ஹாலில் டீ கிளாஸ், பஸ்ஸில் ஏளனம். இதைப் பார்த்து வளர்ந்தவள் இருபது வயதில் இது எதுக்கும்மா என்று கேட்டால் அதில் என்ன தப்பு? விவரம் தெரியாமல் பேசுகிறாள் என்று தள்ளிவிட முடியாது. இவளுக்கு விவரம் தெரிந்ததுதான் சங்கடம்.

முன்வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். டை பூசிய தலையோடு எழுந்து போக முடியாமல், “பின்னால வாங்க” என்று தவமணி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். சுவரோரச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது ராமாத்தாளேதான். இப்போது நினைத்துக்கொண்டிருந்த ஆள் எதிரில் வந்து நின்றதும் தவமணிக்குத் தன் மண்டைக்குள்ளிருந்தே இறங்கி வந்துவிட்டாளோ என்றிருந்தது. ராமாத்தாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தவமணியின் தலையை மேலும் கீழும் பார்த்து, மருதாணியா டையா என்று விசாரித்துவிட்டு, வந்த கதையைச் சொன்னாள். அவள் வீட்டு முன்னால் தெருவிளக்கு எரிந்து இரண்டு மாசமாகிறது. பேரூராட்சி ஆபீசுக்குப் போனால் தனி அலுவலருக்கு மூன்று ஊர்கள், அவர் எந்த நாளில் எந்த ஊரில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அங்கிருந்த பெண் ஒரு போன் நம்பர் கொடுத்து, இதில் சொல்லுங்கள் என்றாள். “சரின்னு போட்டேன் அம்மிணி. ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு ஒருத்தி சொல்றா. எல்லாத்தையும் அமுக்கினேன். கடைசில நன்றிங்கறா. நான் இன்னும் வாயவே தொறக்கல, அதுக்குள்ள நன்றி.” தவமணிக்குச் சிரிப்பு வந்தது. தலை அசையக் கூடாதென்று அடக்கிக்கொண்டாள். நான் இப்போது கவுன்சிலர் இல்லையே அக்கா என்றாள். அது தெரியாதா, சும்மா சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்றாள் ராமாத்தாள். பிறகு, நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்பதுபோல, அந்த ஆபீசர் கெட்டிக்காரர், நீங்கள் ஐந்து வருஷம் இழுத்த ரோட்டை ஆறே மாசத்தில் போட்டுவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது என்றாள். விளக்கு மட்டும்தான். இருட்டில் நாய் எது, குழி எது என்று தெரியவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னதில் அவள் முகம் தெளிந்துவிட்டது. எலெக்ஷன் வந்தால் நிற்பாயா என்று எழுந்திருக்கும்போது கேட்டாள். தெரியவில்லை என்றாள் தவமணி. “நில்லு. கேக்கறதுக்கு ஒரு ஊடு வேணுமில்ல” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சந்து வழியாகவே போய்விட்டாள்.

அவள் போன பிறகு, இவள் வந்ததால் யார் சொன்னது சரியாயிற்று என்று தவமணி யோசித்தாள். ரோடு கணக்கில் மௌனிகா. விளக்குக் கணக்கில் யார்? அந்த நம்பர் வேலை செய்தால் விளக்கும் எரிந்துவிடும், ராமாத்தாளும் வரமாட்டாள். அப்படியானால் அவளுக்கு வேண்டியது விளக்கா, திட்டுவதற்கு ஒரு முகமா? இரண்டும்தானோ? திட்டு வாங்கிய காலத்தில் அது தனக்கு வேண்டியிருந்ததா என்று பார்த்தாள். வேண்டியிருக்கவில்லை. ஆனால் அப்படித் திட்டு வாங்கி வாங்கித்தான் மேற்கு வீதி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. இருபது வருஷம் அதே ஊரில் குடித்தனம் செய்து, ஓட்டுக் கேட்கப் போன ஒரு நாள் தவிர அந்தப் பக்கம் அவள் போனதில்லை. இது மகளிடம் சொல்கிற மாதிரியான விஷயமா? ம்ம்ம், என்பாள். அவளுடைய ம்ம்ம் தவமணிக்குத் தெரியும். சொல்வதென்றால் சொல்ல வேண்டியது சந்தைக் கழிப்பறை விஷயம்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பார்கள், எல்லாரும் மேஜையைத் தட்டி ஆல் பாஸ் என்பார்கள், போண்டா வரும். இரண்டு வருஷம் அவளும் தட்டினாள். வீட்டுக்காரர்கள் வெளியே செயல் அலுவலர் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், உள்ளே பெண்டாட்டிகள் தட்டிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு ஒரு தீர்மானம், வாரச்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற பெண்கள் கழிப்பறையை இடித்துவிட்டுக் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவதென்று. விடியற்காலை வந்து பொழுது சாயும்வரை கீரையும் தக்காளியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் கை மேலே போயிருந்தது. “எனக்கு இது வேண்டாங்க” என்றாள். தலைவருக்கு முதலில் யார் பேசியது என்றே புரியவில்லை. பிறகு, மூர்த்தியண்ணனிடம் கேட்டீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். “அவரு கவுன்சிலர் இல்லைங்களே” என்றாள் தவமணி. அதைத் தானா சொன்னோம் என்று இன்றைக்கும் அவளுக்கு நம்பிக்கையில்லை. ஒருவர் எதிர்ப்பு என்று எழுதிக்கொண்டு மற்றவர்கள் தட்டினார்கள், தீர்மானம் நிறைவேறியது, கழிப்பறை போயிற்று, கடை வந்தது. தோற்றுவிட்டாள். தோற்ற அன்று சாயந்திரம் குடித்த காப்பியைப்போல ஒரு காப்பியை அதற்கு முன்னும் பின்னும் அவள் குடித்ததில்லை.

அது என்ன? அதைத்தான் அவளால் பிடிக்க முடியவில்லை. ஜெயித்த சந்தோஷம் என்றால் புரியும். ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டு ஜெயித்தபோதுகூட வராத ஒன்று, ஒற்றை ஆளாகத் தோற்றபோது வந்ததே, அதற்கு என்ன பெயர்? ஒரு பெயர் வைக்கலாம் என்றால் வாயில் வருகிற வார்த்தையெல்லாம் மேடைப் பேச்சாக இருந்தது. உரிமை என்றால் மௌனிகா சிரிப்பாள். தவமணிக்கே சிரிப்பு வருகிறது. ஈஸ்வரமூர்த்தி அப்புறம் ஒரு வாரத்துக்கு அவளோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் மகளிடம் சொல்லி அனுப்புவார், வேண்டாமென்றாலும் மகளிடம்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே பதினைந்து வயசுப் பெண் தபால்காரியாக நடந்தாள். அவளுக்குத் தெரிந்த கழிப்பறைத் தீர்மானம் அந்த நடைதான். காப்பி தெரியாது. மேலும், மௌனிகா கேட்பாளே, நல்ல ஆபீசர் ஒருத்தர் இருந்திருந்தால் ஒரே கையெழுத்தில் கழிப்பறையைக் காப்பாற்றியிருப்பாரே என்று? காப்பாற்றியிருப்பார். அல்லது ஒரே கையெழுத்தில் இடித்திருப்பார், ஒருவர் எதிர்ப்பு என்று எழுதிக்கொள்ளக்கூட ஆள் இருந்திருக்க மாட்டார்கள். எதுவென்று எப்படித் தெரியும்? ஆள் நல்லவரா என்று முதலில் யார் பார்த்துச் சொல்வது? நல்லவராகவே இருந்து, நமக்கு நல்லது என்று அவர் நினைத்தது நமக்கு ஆகாமல் போனால்? அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிட்டது. பக்கத்து அறையில் சாத்தி வைத்த கதவு தானாகத் திறந்துகொண்டதுபோலிருந்தது. ஏனென்றால் அப்படி ஒரு நல்ல ஆளை அவளுக்குத் தெரியும். பெட்ரோல் போட்டுவிட்டு இப்போதுதான் வந்து, காரைக் கழுவிக்கொண்டு முன்வாசலில் இருந்தார்.

ஈஸ்வரமூர்த்தி நல்லவர். இதை யார் கேட்டாலும் சொல்வாள். குடியில்லை, சீட்டில்லை, கை நீட்டியதில்லை. இரண்டு தறியில் ஆரம்பித்து இந்த வீட்டைக் கட்டினார். எந்த நிலம் வாங்குவது, எந்த ஸ்கூலில் சேர்ப்பது, எந்தப் பக்கம் வாசல் வைப்பது, எல்லாம் அவர்தான். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. வாசல் ஒன்றுதான் வெயில் பக்கமாகப் போய்விட்டது. மௌனிகா பன்னிரண்டாவது முடித்ததும் பி.காம். படித்துவிட்டு ஆடிட்டர் ஆகிறேன் என்று சொன்னாள். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, கணக்கு எழுத நம்மிடமே ஆள் இருக்கிறதே சாமி என்று தலையைத் தடவிவிட்டு, மறுநாள் போய் என்ஜினீயரிங் காலேஜில் இடம் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல காலேஜ். அவள் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தாள். கண் சிவந்து வெளியே வந்தவள் அதன் பிறகு ஆடிட்டர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. பேக் வாங்க வேண்டும் என்று அப்பாவோடு கடைக்குப் போனாள். அழுத பிள்ளை எப்படி அவ்வளவு சீக்கிரம் சமாதானமானாள் என்று தவமணி அப்போது சந்தோஷப்பட்டாள். இப்போது, தலையில் டை காய்ந்து இழுக்க இழுக்க, வேறு மாதிரித் தோன்றியது. சமாதானமாகவில்லை. கேட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துகொண்டுவிட்டாள். ஒன்றையும் யாரும் தன்னிடம் கேட்டதேயில்லை என்றால், கேட்காமலிருப்பது ஒரு குறையாக எப்படித் தெரியும்? அதுதான் அவ்வளவு சாதாரணக் குரலில் சொல்கிறாளோ, ஒரு நல்ல ஆள் போதும் என்று? நாட்டைப் பற்றிச் சொல்கிறாளா, இந்த வீட்டைப் பற்றியா? இந்த வீடு நன்றாகத்தானே நடக்கிறது என்று சொல்ல வருகிறாளா? சாத்தி வைத்த அந்தக் காரியமும் வெளியே வந்துவிட்டது. புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது ஈஸ்வரமூர்த்தி சொன்னார். காங்கயம் நிச்சயத்துக்கு அவிநாசிக்காரர்கள் வருகிறார்கள், பையன் பெங்களூரில் இருக்கிறான், மௌனிகாவைப் பார்த்துவிட்டுப் போகட்டும், கல்யாணத்தைப் படிப்பு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம். “இப்ப அவகிட்டச் சொல்லவேண்டாம். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா.” தவமணி சரிங்க என்றாள். காய்ந்த தோசைக் கல் ஒன்றும் அப்போது எதிரில் இல்லை. யோசிக்க வேண்டிய நேரமெல்லாம் இருந்தது. இருந்தும் சரிங்க என்றாள். அன்றிலிருந்து எந்தப் பட்டுப்புடவையை மகளுக்குக் கட்டிவிடலாம் என்று பீரோவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள்.

“ஆச்சா?” என்றபடி மௌனிகா வந்தாள். தலை குளித்து, முடியை அள்ளி முடிந்திருந்தாள். அம்மாவின் முன்நெற்றி முடியில் ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்து, நல்லா புடிச்சிருக்கு என்றாள். யார் வந்தது என்று கேட்டாள். ராமாத்தாள், தெருவிளக்கு என்றாள் தவமணி. மௌனிகா கொஞ்சம் சிரித்தாள். குழாயடியில் முக்காலியைப் போட்டு அம்மாவைக் குனிய வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கறுப்புத் தண்ணீர் முகத்தின் இரு பக்கமும் வழிந்து சிமென்ட் தரையில் ஓடியது. மகளின் விரல்கள் முடிக்குள் இதமாக நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. முகம் தெரியாத இந்த நேரத்தில் சொன்னால்தான் உண்டு என்று தவமணிக்குப் பட்டது. நிமிர்ந்துவிட்டால் புடவை, நகை, கார் என்று எல்லாம் அதுவாக நடந்துவிடும்.

“மத்தியானம் அங்க உன்னையப் பாக்கறதுக்கு ஆளுக வர்றாங்க கண்ணு” என்றாள்.

விரல்கள் நின்றன. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. யார் என்று கேட்டாள் மௌனிகா. தவமணி தரையைப் பார்த்தபடியே சொன்னாள். அவிநாசிக்காரர்கள், பையன் பெங்களூரில், அப்பா பேசி வைத்திருக்கிறார், சொல்ல வேண்டாம் என்றார். உனக்கு எப்போது தெரியும் என்றதற்குப் புதன்கிழமை என்றாள். நீ என்ன சொன்னாய் என்றதற்குச் சரி என்றேன் என்றாள். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவே தண்ணீர்ச் சத்தம். அப்புறம் மேலேயிருந்து, சத்தமாகக்கூட இல்லை, ஒரு குரல் வந்தது. “என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு உங்க ரெண்டு பேருக்குமே தோணலையாம்மா?”

அதற்கு ஒரு பதில் தவமணியின் நாக்கில் தயாராக நின்றது. மகளே காலையில் எடுத்துக் கொடுத்த பதில், ஒரு நல்ல ஆள் போதும்மா என்று. அதைச் சொல்லியிருந்தால் பேச்சில் ஜெயித்திருப்பாள், பெண்ணும் வாயை மூடிக்கொண்டு புடவை கட்டிக்கொண்டு காரில் ஏறியிருப்பாள். தவமணி அதைச் சொல்லவில்லை. இந்தக் குரலை இப்போதுதான் முதல்தடவையாகக் கேட்கிறோம் என்று நினைத்தாள். ஆடிட்டர் காலத்தில்கூட இது வெளியே வந்ததில்லை. இதை ஒரு பேச்சில் ஜெயிப்பதற்காக மறுபடி உள்ளே அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. “தோணோணும். தோணல” என்றாள். கண்ணுக்குள் தண்ணீர் போய் எரிந்தது. “இப்பக் கேக்கறேன். போலாமா, வேண்டாமா?”

மௌனிகா தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தாள். விரல்கள் மறுபடி அலச ஆரம்பித்தன, முன்னைவிட மெதுவாக. வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டாள். வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்வோம் என்றாள் தவமணி. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டாரே. மாட்டார், சண்டை வரும், ஒரு வாரம் பேச மாட்டார். சரி, போகலாம் என்று சொன்னால்? போகலாம், நீ தெரிந்துகொண்டு போவாய். பையனும் நானும் பத்து நிமிஷம் தனியாகப் பேச வேண்டும், அவனையும் யாராவது கேட்டார்களா என்று நான் கேட்க வேண்டும் என்று சொன்னால்? தவமணிக்கு அது தோன்றவேயில்லை. அவனையும் கேட்டிருக்க மாட்டார்களோ? குனிந்தபடியே யோசித்துப் பார்த்து, எனக்குத் தெரியவில்லை, அதையும் சொல்லிப் பார்க்கலாம் என்றாள். மகள் இன்னும் எதையோ கேட்க வாயெடுத்தாள்.

முன்வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஒரு தடவை நீளமாக, பின்னாலேயே இரண்டு தடவை குட்டையாக. நேரமாகிறது என்று ஈஸ்வரமூர்த்தி குரல் கொடுத்தார். தவமணி தலையைத் தூக்கினாள். கழுத்து வழியாகத் தண்ணீர் நைட்டிக்குள் இறங்கியது.

“சித்த இருங்க” என்று சந்துப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “நாங்க பேசிட்டிருக்கோம்.”

மறுபடி ஹாரன் வரவில்லை. இன்ஜின் நின்றது. கார்க் கதவைச் சாத்துகிற சத்தமும், சந்துக்குள் செருப்புச் சத்தமும் கேட்டன. என்ன பேச்சு, எதைப் பற்றிப் பேச்சு என்று கேட்டுக்கொண்டே அவர் வருவது தெரிந்தது. மௌனிகா குழாயை மூடினாள். கொடியிலிருந்து துண்டை எடுத்து அம்மாவின் ஈரத்தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள்.

“நீ இரும்மா. நான் பேசறேன்” என்றாள்.